முதல் சாட்சி

சீடன்: ஐயா, எங்கள் ஊர்க் கோயிலில் நாற்பது ஆண்டுகளாக நாகஸ்வரம் வாசிக்கும் பெரியவரைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் எழுதினேன். ‘குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை’ என்று நீக்கிவிட்டார்கள். அவர் தோடி வாசித்தால் தெருவே நின்று கேட்கும். அப்படிச் சொல்ல இவர்கள் யார்?

குரு: அவர் வாசிப்பைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே அப்பா. நாதத்தை நிறுத்துப் பார்க்கும் சக்தி அந்த விதிக்குக் கிடையாது. அவருக்கு வேண்டியவர் அல்லாத ஒருவர், நம்பத்தக்க ஏட்டில், அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறாரா என்பது மட்டுமே அதன் கேள்வி.

சீடன்: விருதும் இசைத்தட்டும் இருந்தால் ஏற்கிறார்களே?

குரு: பெரிய விருது, விற்பனைப் பட்டியலில் இடம், பெயர்பெற்ற நிறுவனத்தின் வழியே இரண்டு இசைத்தொகுப்பு என்று ஆங்கில விக்கிப்பீடியா சில அடையாளங்களைச் சொல்கிறது. அவை இருந்தால் எழுத்துச் சான்றும் இருக்கக்கூடும் என்பது எதிர்பார்ப்பு. விருதுப் பட்டியலில் பெயர் மட்டும் கிடைத்தால், கட்டுரையின் இரண்டாம் வாக்கியத்தை எதைக் கொண்டு எழுதுவாய்?

சீடன்: இசைத்தட்டே கொடுக்காத வித்துவான்கள் என்ன ஆவார்கள்?

குரு: காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை 1934இல் மறைந்தார். அவர் குரல் எந்த இசைத்தட்டிலும் இல்லை. பக்கவாத்தியங்கள் நிறைந்த மேடையில் அவர் பாடிய பல்லவியையும் லய வன்மையையும் கேட்டவர்கள் எழுதி வைத்தார்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை போன்ற சீடர்கள் அவர் வழியைத் தொடர்ந்தார்கள். பாணியிலோ கற்பித்தலிலோ ஒருவருக்கு இருந்த செல்வாக்கை நம்பத்தக்க நூல் சொன்னால், அதையும் அந்த விதி அடையாளமாகக் கொள்கிறது.

சீடன்: அவரைக் கேட்டவர்களிடம் பேனா இருந்தது. கிராமத்துத் தவில்காரரை, பாடியும் ஆடியும் வாழ்ந்த பெண்களை யார் எழுதினார்கள்? விதி நடுநிலையாக இருக்கலாம். அது நம்பியிருக்கும் ஏடுகள் அப்படி இல்லையே!

குரு: உண்மை. அந்த மௌனத்தில் சாதி இருக்கிறது, ஆண்களின் ஆதிக்கம் இருக்கிறது, நகரத்தின் அலட்சியமும் இருக்கிறது. ஏடுகள் செய்த அநீதி கலைக்களஞ்சியத்திலும் தொடர்கிறது.

சீடன்: தெரிந்தும் அந்த விதியை ஏன் ஏற்க வேண்டும்?

குரு: விதி இல்லாவிட்டால் நேர்வதைப் பார். பெரியவருடைய குருவின் பெயரை நாளை ஒருவர் மாற்றி எழுதினால், எதைக் காட்டித் திருத்துவாய்? பணம் வாங்கிக்கொண்டு புகழ் எழுதுகிறவரும் நீ நுழைந்த வாசலில்தான் நுழைவார். உன் அன்பையும் அவருடைய விளம்பரத்தையும் வாசகர் எப்படிப் பிரித்தறிவார்?

சீடன்: அப்படியென்றால் பெரியவர் மறக்கப்பட வேண்டியதுதானா?

குரு: கூடவே கூடாது. கலைக்களஞ்சியம் பிறர் சொன்ன சாட்சியங்களைத் தொகுக்கும் இடம். முதல் சாட்சி அதற்கு வெளியே எழ வேண்டும். சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் இசைவாணர்களின் வரலாறுகளையும் சேர்த்தார். கனம் கிருஷ்ணையருக்கும் கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும் உ.வே.சா. வரலாறு எழுதினார். பி. எம். சுந்தரம் நாகஸ்வர, தவில் கலைஞர்களுக்காக ‘மங்கல இசை மன்னர்கள்’ எழுதினார். கலை வளர்த்த பெண்களுக்காக ‘மரபு தந்த மாணிக்கங்கள்’ எழுதினார். நீ கேட்ட கேள்விக்கு அந்த உழைப்பே விடை.

சீடன்: நான் என்ன செய்யட்டும்?

குரு: பெரியவரிடம் போய் உட்கார். யாரிடம் கற்றார், எந்த உற்சவத்தில் எந்த மல்லாரி வாசித்தார், எந்த ராகத்தை எந்த வேளைக்கு வைத்தார் என்று கேட்டுப் பதிவு செய். பழைய அழைப்பிதழ்களைத் தேடு. உடன் வாசித்த தவில்காரரிடம் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார். ஒத்துப்போகாத செய்தியை ஒதுக்கி வை. பிறகு, ஆசிரியர் சரிபார்த்து வெளியிடும் இதழுக்கு அனுப்பு. அதைப் படித்து வேறொருவர் ஆராயட்டும். கலைக்களஞ்சியக் கட்டுரையை உனக்குத் தொடர்பில்லாதவர் தொடங்கட்டும்.

சீடன்: அதற்குப் பல ஆண்டுகள் ஆகுமே ஐயா.

குரு: ஆகட்டும். சான்று வந்தபின், நீக்கப்பட்ட கட்டுரையை மறுபடி எழுதலாம். பெரியவர் நெஞ்சில் இருப்பது அவரோடு போய்விட்டால், எந்த விதியைத் தளர்த்தியும் அதை மீட்க முடியாது. வாதாடுவதைப் பிறகு வைத்துக்கொள். முதலில் அவரைப் போய்ப் பார்.