சோதிக்காமல் கொடுத்த செல்

ஆய்வகத்தில் வளரும் செல்களுக்கு வரும் தொற்றுகளில் மைக்கோபிளாஸ்மா அளவுக்குச் சத்தம் போடாமல் குடியிருப்பது வேறொன்று இல்லை. மற்ற பாக்டீரியா புகுந்தால் வளர்ப்பு ஊடகம் ஓரிரு நாளில் கலங்கி மஞ்சளாகித் தானே காட்டிக்கொடுத்துவிடும். இது ஒரு மில்லிலிட்டரில் கோடிக்கணக்கில் பெருகிய பிறகும் இளஞ்சிவப்பு ஊடகம் தெளிவாகவே நிற்கும். செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் இதைத் தொடாது. 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிப் போய்விடும். செல்கள் செத்துவிழுவதும் இல்லை. கொஞ்சம் மந்தமாக வளரும், மருந்துக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும், அவ்வளவுதான். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, பொதுத் தரவுத்தளத்தில் கிடந்த ஆர்.என்.ஏ. வரிசைத் தரவுகளைச் சலித்துப் பார்த்து, 11 சதவீத ஆய்வுத் தொகுதிகளில் மைக்கோபிளாஸ்மாவின் தடயம் இருப்பதாகச் சொன்னது. இவை உலகறிய வெளியிடப்பட்ட ஆய்வுகள்.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. பி.சி.ஆர். சோதனை அரை நாளில் பதில் சொல்லிவிடும். ஹோக்ஸ்ட் சாயம் ஏற்றி ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தால், சுத்தமான செல்லில் உட்கரு மட்டும் நீலமாக மின்னும், சுற்றிலும் இருட்டு. தொற்றிய செல்லில் அந்த இருட்டு முழுக்க ரவையைச் சிந்தியதுபோல நீலப் புள்ளிகள். பார்த்தவர் செய்யவேண்டியதை நடைமுறைக் கையேடு சொல்லும்: குடுவையை ஆட்டோகிளேவில் போடு, இன்குபேட்டரைத் துடை, திரவ நைட்ரஜனிலிருந்து பழைய குப்பி ஒன்றை எடுத்து மறுபடியும் வளர். சரி. அதே செல்லை ஆறு மாதத்துக்கு முன் இன்னொரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தால்? அங்கே ஒரு மாணவி அதை வைத்துத் தன் முனைவர் பட்ட ஆய்வில் பாதியை முடித்திருந்தால்? போனை எடுத்துச் சொல்வதா, சும்மா இருந்துவிடுவதா?

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 2007இல், இன்று கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற பெயரில் சுபாங் ஜெயாவில் இயங்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மூன்று வாய்ப்புற்றுநோய் செல் வரிசைகளை அறிவித்தார்கள்: ஓ.ஆர்.எல்.-48, 115, 136. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளிலிருந்து வளர்த்தவை. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழ 7 சதவீதம். வாய்ப்புற்றுநோயில் அவர்களுடைய பங்கு அதைவிடப் பல மடங்கு. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடை ஓரத்திலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வெற்றிலைக் கட்டு தினமும் விற்கிறது. பால்மரக் காட்டில் புகையிலையோடு வெற்றிலை போட்டுப் பழகிய பாட்டிமாரின் தலைமுறை இன்னும் மருத்துவமனை வரிசையில் நிற்கிறது. அப்படி ஒருவர் தன் கட்டியின் துண்டை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போடும்போது தனக்கென்று எதுவும் கேட்பதில்லை. பின்னால் வருபவர்களுக்கு ஒரு மருந்து கிடைத்தால் சரி என்று நினைத்திருக்கலாம்.

அந்த மருந்துதான் இங்கே பணயம். மைக்கோபிளாஸ்மா ஹையோரைனிஸ் என்ற வகை, ஜெம்சிட்டபைன் என்ற புற்றுநோய் மருந்தையே சிதைத்துவிடக்கூடியது. அது குடியேறிய குடுவையில் நல்ல மருந்தும் தோற்கும்; தோற்றதாக ஆய்வாளர் நேர்மையாகவே எழுதி வைப்பார். பொய் எழுதியவர் யாருமில்லை, ஆனாலும் பொய் அச்சேறிவிடுகிறது. அதனால்தான் சோதிக்காமல் இருப்பதை வெறும் சோம்பல் என்று தள்ளிவிட முடியவில்லை. அரை நாளில் தெரிந்துகொள்ளக்கூடியதை ஆண்டுக்கணக்கில் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டு, ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொன்னால் அந்தத் தெரியாமைக்கு மன்னிப்பில் பங்கு குறைவு.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. தொற்று எங்கிருந்து வந்தது என்று யார் சொல்ல முடியும்? மைக்கோபிளாஸ்மா ஓரேல் ஆரோக்கியமான மனிதர்களின் வாயிலேயே வாழ்வது. குடுவையைத் திறந்துவைத்துக்கொண்டு பேசியவர் வாயிலிருந்து வந்திருக்கலாம், கட்டியைத் தந்தவரின் வாயிலிருந்தே துண்டோடு கூட வந்திருக்கலாம். மாட்டுச் சீரம் வழியாக வரும் வகைகளும் உண்டு. செல்லை வாங்கிக்கொண்டு போனவர்களின் இன்குபேட்டரில் முன்பே இருந்ததோ என்னவோ. இப்படியிருக்க, முதலில் வாய் திறப்பவர் மீதுதானே பழி விழும்? 1976இல் மெக்காரிட்டி என்ற ஆய்வாளர் செய்து பார்த்தது இந்தப் பழிபேச்சுக்கே இடமில்லாமல் செய்கிறது. தொற்றிய ஒரு குடுவையைக் காற்றோட்ட ஹூடில் வைத்துக் கையாண்டார். கிருமி குடுவையின் வெளிப்புறத்திலும், செல் எண்ணும் கண்ணாடியிலும், ஹூடின் பரப்பிலும் இருந்தது. சில நாள் கழித்தும் பரப்பில் உயிரோடு கிடந்தது. அதே ஹூடில் வாரம் ஒருமுறை மட்டும் கையாண்ட சுத்தமான செல்லுக்கு ஆறு வாரத்தில் தொற்றிவிட்டது. ஒழுங்காக வேலை செய்பவருக்கும் இது வரும். அதனால் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. வந்ததற்காக யாரையும் திட்ட வேண்டாம்; தெரிந்த பின் செல்லை வாங்கிப் போனவர்களிடம் மறைத்ததை மட்டும் பொறுத்துக்கொள்ள முடியாது.

இதில் சிக்கல் ஆய்வகத் தலைவர்களிடம்தான். ‘பாசிட்டிவ்’ என்று வந்து நின்ற உதவியாளரை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் சோதிக்கவே மாட்டார். சோதிக்கும் கையைப் பயமுறுத்தி வைத்துவிட்டு ஆய்வு நேர்மை பற்றிக் கருத்தரங்கு நடத்துவதில் பலனில்லை.

சுத்தமான செல்லுக்கு இன்னொரு மதிப்பும் இருக்கிறது. இதற்கும் உதாரணம் கோலாலம்பூரிலேயே கிடைக்கிறது. 1999 மார்ச்சில், பிரிக்ஃபீல்ட்ஸுக்குச் சற்றுத் தள்ளி லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில், சுவா காவ் பிங் என்ற மருத்துவர் மூளைக்காய்ச்சல் நோயாளியின் மாதிரியை இட்ட வீரோ என்ற வளர்ப்புச் செல்களில் விசித்திரம் ஒன்றைக் கண்டார். செல்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிய பெரிய செல்களாகியிருந்தன. அதுவரை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நம்பிக் கொசுவுக்குப் புகையடித்துக்கொண்டிருந்த நாடு அது. மாதிரி அமெரிக்காவுக்குப் போய், புதிய வைரஸ் என்று உறுதியாகி, நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைப் பெற்றது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. குடுவை கெட்டுப்போவது வாடிக்கையான ஓர் ஆய்வகத்தில் இதே காட்சி தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘மறுபடியும் தொற்று’ என்று ஒரு பெருமூச்சு, பிறகு குப்பைத்தொட்டி. இருப்பில் உள்ள செல் சுத்தமானது என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில், உண்மையான புதுமைக்கும் யாரும் மரியாதை கொடுக்கமாட்டார்கள்.

மிச்சமிருப்பது, ஏற்கெனவே அச்சான கட்டுரைகள். இங்கே தீர்ப்பு அவ்வளவு எளிதல்ல. தொற்று தெரிந்த மறுநாளே கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்வது அவசரம். எழுதிய காலத்தில் செல் சுத்தமாக இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் உறையவைத்த குப்பி இருந்தால் முதலில் அதைச் சோதிக்கலாம். அதுவும் கெட்டிருந்தால் முக்கியமான சோதனைகளைச் சுத்தமான செல்லில் திரும்பச் செய்து, முடிவு நின்றாலும் விழுந்தாலும் இதழுக்கு எழுத வேண்டும். குப்பியே இல்லையென்றால் அந்தச் சந்தேகத்தையாவது பதிவு செய்ய வேண்டும். முடிந்துபோன மானியத்தில் இதற்குப் பணம் இருக்காது, பட்டம் வாங்கிய மாணவர் வேறு வேலைக்குப் போயிருப்பார் என்பதெல்லாம் உண்மைதான். ஆகவே இந்தச் செலவை மானியம் கொடுப்பவர்கள் முதல் நாளிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். மாதச் சோதனைக்கு ஒரு தொகை, திரும்பச் செய்வதற்கு ஒரு தொகை. செல்லை இன்னோர் ஆய்வகத்துக்கு அனுப்பும்போது கடைசியாகச் சோதித்த தேதியை உலர்பனிப் பெட்டியிலேயே ஒட்டி அனுப்பச் சொல்லி ஒரு நிபந்தனையும்.