எண்ணிக்கையும் காட்சியும்

மேஜர் லீக் பேஸ்போல் போட்டிகளில் ஆடும் 30 அணிகளுள் 29 ஐக்கிய அமெரிக்காவையும், ஒன்று கனடாவின் ரொறன்ரோ நகரையும் சார்ந்தவை. இவற்றின் மைதானங்கள் அனைத்தையும் தனியொருவராகக் காரோட்டிச் சென்று காண்பதை விரதமாகக் கொண்டோர் அங்கு உளர். இப்பயணத்தின் பயன் யாது? எண்ணிக்கையை நிறைவு செய்வதா, காண்பதா?

விடைக்கான குறிப்பு ஆட்டத்திலேயே உண்டு. தளங்களுக்கிடையிலான 90 அடித் தூரம் எங்கும் மாறாதது; வெளிமதில்களோ இடத்துக்கிடம் வேறுபடுவன. 1912இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் பென்வே மைதானத்தின் இடப்புற மதில் 37 அடி உயரமானது. 1914இல் திறக்கப்பட்ட சிக்காகோ றிக்லி மைதானத்தின் மதிலைக் கொடிகள் போர்த்துள்ளன. ஓரிடத்தில் எல்லை கடக்கும் பந்து பிறிதோரிடத்தில் மதிலில் மோதி வீழும். விதி ஒன்று, இடம் வேறு. எனவே ஒன்றைக் கண்டமை மற்றொன்றைக் கண்டமையாகாது.

பட்டியலை நிரப்ப விரைபவருக்கோ முப்பதும் ஒரே மைதானமே. இங்குதான் தனிமை சோதனையாகின்றது. உடன்வருவார் இன்மையின் மெச்சுவாரும் இல்லை, சாட்சியும் இல்லை. கண்டாரா, கணக்கிட்டாரா என்பதை அவரது மனச்சான்றே அறியும். அயலிருக்கை அந்நியரோடு தம்மை மறந்து எழுந்து ஆரவாரித்தவர், பத்து மைதானங்களோடு திரும்பினும் குறைவுபட்டவரல்லர். முப்பதையும் விரைந்து முடித்தவரோ இன்னும் புறப்படவே இல்லை எனலாம்.