கூட வந்தவர் முன்னே போனால்

 

மார்க்கம் சொல்லும் தகுதி எனக்கில்லை. மதரஸாவில் ஓதியதும் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்ததும் தவிர வேறு படிப்புக் கிடையாது. சங்கத்து மடலுக்கு எழுதும்படி சொன்னபோது, ஆலிம்கள் இருக்க நான் எதற்கு என்றேன். “உமக்குத் தெரிந்த நோயைப் பற்றி எழுதும்” என்றார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த நோய், கூட்டாளியின் கடையைப் பார்த்து வயிறு எரிவது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

வாலிபத்தில் நானும் இன்னொருவரும் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தோம். ஒரே அறையில் படுத்து, ஒரே சஹனில் சாப்பிட்டவர்கள். சம்பளமும் ஒன்றே. பிற்பாடு அவர் கிள்ளானுக்குப் போய்த் தெங்கு கிளானா சாலைப் பக்கம் கடை வைத்தார். நான் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையை விட்டு உள்ளே தள்ளிய ஒரு சந்தில் கைலி, தொப்பி, அத்தர் வைத்து உட்கார்ந்தேன். 2001-ல் திறந்த சென்ட்ரல் நிலையத்தால் ஜனம் பெருகும் என்றார்கள், பெருகிற்று. 2010-ல் ‘லிட்டில் இந்தியா’ என்று வளைவும் விளக்கும் வைத்தார்கள். ஜனம் சாலையோடு போயிற்று, சந்துக்குள் அவ்வளவாகத் திரும்பவில்லை. அவருக்கோ இரண்டாவது கடை, பிறகு மூன்றாவது. குடும்பத்தோடு உம்ரா போய் வந்து, பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் என் கடை தேடிக் கொண்டு வந்து தந்தார். அந்தத் தண்ணீரை பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடிக்கும்போதே என் மனம், ஐந்து பேருக்கு டிக்கெட் எத்தனை ஆயிரம் வெள்ளி ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உங்களில் எத்தனை பேர் இப்படிக் கணக்குப் போட்டிருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

2019 கடைசியில் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்தேன். சரக்குக்கு இடம் போதாமல் எடுக்கவில்லை. முகப்புக்குக் கண்ணாடி போட வேண்டும், கிள்ளான்காரர் வந்தால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பேங்கில் காகிதம் கேட்பார்கள் என்று தனியார் ஒருவரிடம் வட்டிக்கு வாங்கினேன். வட்டி ஹராம் என்று ஓதிய வாய்தான் அதற்கும் சம்மதம் சொன்னது. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடைகளை மூடினார்கள். அவ்வருஷம் நோன்புப் பெருநாள் மே 24-ல் வந்தது. பெருநாளுக்கென்று வாங்கிய கைலிகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. பேங்குக் கடன்களுக்கு ஆறு மாதம் தவணையை ஒத்திவைத்தார்கள். நான் வாங்கியதுதான் பேங்கில் இல்லையே!

நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் பாவத்தை விட்டும் கடனை விட்டும் பாதுகாவல் தேடுவார்களாம். கடனை விட்டு இத்தனை தடவை பாதுகாவல் தேடுகிறீர்களே என்று ஒருவர் கேட்டார். கடன்பட்டவன் பேசினால் பொய் வருகிறது, வாக்குக் கொடுத்தால் மாறுகிறான் என்ற கருத்தில் பதில் கூறினார்கள். ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவித்த இந்த ஹதீஸைச் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன். அந்த வருஷம்தான் விளங்கிற்று. மொத்த வியாபாரியிடம் “நாளை மறுநாள்” என்றேன். கடன் கொடுத்தவரிடம் “ஊரிலிருந்து பணம் வருகிறது” என்றேன். மனைவியிடம் கடனே இல்லை என்றேன். ஒரே நாளில் மூன்று பொய். நடுவில் ஐந்து வேளைத் தொழுகை.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பின்தங்கிவிட்டோமே என்ற வருத்தம் வருவதே பாவம் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழை முஹாஜிர்கள் நாயகத்திடம் வந்து முறையிட்டதை நினைத்துப் பாருங்கள். செல்வர்கள் எங்களைப் போலவே தொழுகிறார்கள், நோன்பு பிடிக்கிறார்கள், அதற்கு மேல் தர்மமும் செய்கிறார்கள், எங்களிடம் அதற்குப் பொருள் இல்லையே என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கோபிக்கவில்லை. தொழுகைக்குப் பின் சுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹு அக்பர் என்று 33 தடவை வீதம் சொல்லக் கற்றுக் கொடுத்தார்கள். இன்று பள்ளியில் நாம் விரல் விட்டு எண்ணுகிறோமே, அது அந்த ஏழைகள் பட்ட வருத்தத்தால் நமக்குக் கிடைத்தது. சில நாளில் அவர்கள் திரும்பி வந்து, செல்வர்களும் கேள்விப்பட்டு அதையே ஓதுகிறார்கள் என்றார்கள். அப்போது வேறு எதுவும் கற்றுக் கொடுக்கப்படவில்லை. அது அல்லாஹ்வின் அருள், நாடியவர்க்கு அவன் கொடுக்கிறான் என்பதே பதிலாயிற்று. வருத்தத்துக்கு ஒரு தடவை மருந்து கிடைத்தது. இரண்டாம் தடவை வந்தபோது, வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

நம் வருத்தம் அவர்கள் வருத்தத்தைப் போன்றதா என்றால், இல்லை. அவர்கள் தர்மம் செய்ய முடியவில்லையே என்று அழுதார்கள். நாம் கண்ணாடி முகப்புக்கும், சொந்த ஊரில் பூட்டியே கிடக்கப்போகும் மாடி வீட்டுக்கும் அழுகிறோம்.

வியாபாரிகளுக்கு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களைச் சொல்லாமல் முடியாது. மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தவர். அன்ஸாரிகளில் பெருஞ்செல்வரான ஸஅத் பின் ரபீஃ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதி தருவதாகச் சொன்னார்கள். அவருக்கு பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே என்று கேட்டுக்கொண்டு போனார் இவர். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார். இதோடு நிறுத்திவிட்டு, பார், எப்படி முன்னேறினார் என்பார்கள். பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டாமா? ஹிஜ்ரி 3-ல் உஹதுப் போரில் ஸஅத் (ரலி) ஷஹீதானார்கள். அவர் விட்டுச் சென்ற பொருள் முழுவதையும் சகோதரர் எடுத்துக்கொள்ள, இரண்டு பெண் மக்களும் கையில் ஒன்றுமின்றி நின்றார்கள். தாய் நாயகத்திடம் வந்து முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கிய பின், மூன்றில் இரண்டு பங்கு பெண்களுக்கும் எட்டில் ஒன்று தாய்க்கும் வாங்கித் தரப்பட்டது. சந்தைக்கு வழி கேட்டவரோ பெருஞ்செல்வரானார். அவர் ஒரு நாள் நோன்பு திறக்க உணவு வந்தபோது, அதே உஹதில் ஷஹீதான முஸ்அப் (ரலி) அவர்களை நினைத்தார். தலையை மூடினால் கால் தெரியும், காலை மூடினால் தலை தெரியும் என்றிருந்த கஃபன் துணியை நினைத்தார். முஸ்அப் என்னைவிட மேலானவர், நம் நன்மைக்கெல்லாம் இங்கேயே கூலி கொடுத்துவிட்டார்களோ என்று அழுது, உணவை அப்படியே விட்டுவிட்டார். அத்தனை பெரிய தனவந்தர், ஒரு முழத் துணி பற்றாத மையித்துக்குப் பின்னால் தாம் நிற்பதாக எண்ணினார்.

என் கதையை முடித்து விடுகிறேன். பக்கத்துக் கடையைத் திருப்பிக் கொடுத்தேன். மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் வளையல்கள் போயின. 2022 வரை இழுத்து, அல்ஹம்துலில்லாஹ், கடன் தீர்ந்தது. பேங்குக் கடனில் மாட்டியவர்களுக்கு, பேங்க் நெகாரா 2006-ல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற ஸ்தாபனம் காசு வாங்காமல் ஆலோசனை சொல்லித் தவணையைத் திருத்த உதவுகிறது. அங்கே போவது மானக்கேடு என்று நினைத்து ஆலோங்கிடம் போகாதீர்கள்.

கிள்ளான் கூட்டாளி இதை யார் மூலமோ கேள்விப்பட்டு வந்தார். “எங்கிட்ட ஏன்பா சொல்லல?” என்று கோபித்தார். பணம் தருகிறேன் என்றார். பணம் வேண்டாம், கைலி எங்கே எடுக்கிறாய், என்ன விலைக்கு எடுக்கிறாய், அதைச் சொல் என்றேன். மறுவாரமே கூட்டிப் போனார். அவருடைய கொள்முதலோடு என் சிறு கட்டும் சேர்ந்து வருவதால், கைலிக்கு இரண்டு வெள்ளி எனக்கு மிச்சமாகிறது. இன்னும் ஒரே கடைதான், சந்துக்குள்ளேதான். அவர் நான்காவது கடை பார்ப்பதாகச் சொன்னார். கேட்டபோது வயிற்றில் கொஞ்சம் எரியத்தான் செய்தது. பரக்கத் கேட்டு துஆச் செய்துவிட்டுத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

கடன் கழுத்தை இறுக்கியும் வீட்டில் சொல்லாமல் வைத்திருக்கும் சகோதரர் யாரேனும் இருந்தால், வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பின் நான் கடையில்தான் இருப்பேன். கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து கூட்டிப் பார்ப்போம். வஸ்ஸலாம்.