சாமி மேடையில் ஓர் இடம்

போன மாதம் நம் வெள்ளிக்கிழமை சமய வகுப்பில் ‘வீட்டை ஒழுங்கா வெச்சிருக்கிறதும் வழிபாடுதான்’ என்று பத்து நிமிடம் பேசினேன். அதையே இதழுக்கு எழுதித் தரச் சொன்னார்கள். அன்று சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். விட்டதற்குக் காரணம் வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

எங்கள் வீடு அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. மூன்று அறை, 650 சதுர அடி, ஆறு பேர். சாமிக்கென்று தனி அறையெல்லாம் கிடையாது. வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய அலமாரி, அதுதான் சாமி மேடை. அதில் 23 படங்கள். முருகன் மட்டும் ஐந்து பேர். அதில் ஒருவர் மளிகைக் கடை நாள்காட்டியிலிருந்து வெட்டிச் சட்டம் போடப்பட்டவர். கீழ்த்தட்டைத் திறந்தால் எண்ணெய் போத்தல், பாதி எரிந்த ஊதுபத்திக் கட்டுகள், காய்ந்த மாலை, கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலங்கள் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், இல்லையா?

நான் படிப்பது பொறியியல். பட்டறைப் பயிற்சியில் எங்களுக்கு ‘ஐந்து எஸ்’ முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஜப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததைப் பிரித்தெடு, வேண்டியதற்கு இடம் குறி, சுத்தம் செய், அதை ஒரு முறையாக்கு, விடாமல் கடைப்பிடி. கேட்டவுடனே எனக்கு எங்கள் வீட்டு அலமாரிதான் ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. இரண்டு ரிங்கிட் கடையில் மூடி போட்ட டப்பாக்கள் வாங்கினேன், அளவெடுத்தேன், தாளில் வரைபடம்கூடப் போட்டேன்.

பாட்டிக்குப் பிடிக்கவில்லை. “சாமி சாமான்ல கை வைக்காதய்யா” என்றார். அப்போது நான் பெரிய ஞானி மாதிரி அப்பர் கதையை எடுத்து விட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். அப்பர் சுவாமிகள் கையில் எப்போதும் உழவாரம் இருக்கும். புல்லைச் செதுக்கும் நீண்ட பிடி போட்ட கருவி. ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரத்தைச் சுத்தம் செய்தவர் அவர். திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் நவமணியும் மின்னும்படி இறைவன் செய்தான். அப்பர் அசரவில்லை. கல்லையும் பொன்னையும் ஒன்றாகவே வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு அடுத்த இடத்தைச் செதுக்கப் போய்விட்டார். “பாத்தீங்களா பாட்டி, பொன்னையே தூக்கிப் போட்டாரு. நாம இந்தக் குப்பையக் கட்டிக்கிட்டு அழுறோம்” என்றேன். பாட்டி பதில் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று இரவே இரண்டு கறுப்புப் பை நிரம்பியது. காய்ந்த மாலை, நனைந்து கட்டியான விபூதி, திரி இல்லாத விளக்கு, துருப்பிடித்த ஒரு பழைய மைலோ டின். டின்னை ஆட்டிப் பார்த்தேன், உள்ளே ஏதோ மண் மாதிரி சரசரத்தது. திறக்கக்கூட இல்லை. கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, புது டப்பாக்களை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். பாராட்டு குவிந்தது.

காலையில் பாட்டி அலமாரி முன்னால் நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, “அந்த டின் எங்கய்யா?” என்றார்.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் ஒன்பது மாடியும் ஓடி இறங்கினேன். குப்பை லோரி வந்து போய்விட்டிருந்தது.

அது என்ன என்று அம்மாதான் சொன்னார். பாட்டி பிறந்து, பால்மரம் வெட்டி, பிள்ளை பெற்ற தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு மாற்று இடம் தருவதாகச் சொன்னது பேச்சோடு போயிற்று. கோயிலை இடிப்பதற்கு முதல் நாள் பாட்டி வாசலில் ஒரு பிடி மண்ணை அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து, அந்த டின்னில் போட்டு எடுத்து வந்திருக்கிறார். முப்பது வருடமாக அது எங்களோடு வீடு மாறி வீடு மாறி வந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பாட்டி திட்டவில்லை. அன்று மாலை விளக்கேற்றிவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “அப்பர் தூக்கிப் போட்டது அவருக்கு வந்ததுய்யா. நீ தூக்கிப் போட்டது என்னுது.”

எத்தனையோ சொற்பொழிவு கேட்டிருக்கிறேன். அந்தக் கதைக்கு இப்படி ஒரு விளக்கத்தை யாரும் சொன்னதில்லை. துறவு என்பது என் கையில் இருப்பதை விடுவது. அடுத்தவர் கையில் இருப்பதை விடவைப்பதற்கு வேறு பெயர். அப்பர் உழவாரத்தால் செதுக்கியது புல்லைத்தான், கோயில் கல்லை அல்ல. எது புல், எது கல் என்று தெரிந்த பிறகுதான் அவர் கருவியைக் கையில் எடுத்தார்.

என் பாடப்படியும் நான் தப்புதான். ஐந்து எஸ் முறையில் முதல் படியிலேயே ‘சிவப்பு அட்டை’ என்று ஒன்று உண்டு. வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகம் வரும் பொருளை உடனே எறியக்கூடாது. சிவப்பு அட்டை கட்டித் தனி இடத்தில் வைத்து, அதைப் பயன்படுத்துகிறவர்களைக் கேட்டு, கொஞ்ச நாள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பரீட்சையில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். இன்னொன்று, நான் எடுத்த பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மைலோ டின்னின் மூடியில் மங்கலாக ஒரு குங்குமப் பொட்டு இருக்கிறது. ஆயுத பூசைக்கு நாம் வண்டிக்கும் கால்குலேட்டருக்கும் வைக்கிறோமே, அதே பொட்டு. பாட்டி தன் சிவப்பு அட்டையை எப்போதோ ஒட்டிவிட்டார். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

வீட்டை ‘ஒதுங்க வைக்கிறது’ என்று நாம் சொல்கிறோம். ஒருவரை ‘ஒதுக்கி வைக்கிறது’ என்பதும் கிட்டத்தட்ட அதே சொல்தான். கொஞ்சம் பயமாக இருக்கிறது.

இரண்டாம் முறை பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல நான் அடுக்கினேன். கற்பூர டப்பாவில் நாலு மிளகு போட வேண்டும், கற்பூரம் சீக்கிரம் கரையாது என்பது பாட்டியின் நம்பிக்கை. நம் ஊர் ஈரக் காற்றுக்கு விபூதியை இறுக்கமான மூடி போட்ட போத்தலில்தான் வைக்க வேண்டும். தினமும் எடுக்கும் திரியும் எண்ணெயும் கை எட்டும் உயரத்தில், வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் கும்பமும் பெரிய குத்துவிளக்கும் கீழே. என் பங்குக்கு, விளக்குக்கு நேர் மேலே இருந்த தட்டைக் கழற்றிவிட்டேன். சுடர் பட்டு அது கருகியே போயிருந்தது. விளக்கின் அடியில் ஒரு பீங்கான் ஓடு, எண்ணெய் வழிந்தால் துடைக்க. பாட்டி அதற்குத் தலையாட்டினார்.

படங்கள் 23இல் 14 மிஞ்சின. எதை எடுப்பது என்று அவர்தான் சொன்னார். எடுத்ததை மரத்தடியில் சாய்த்து வைக்கவில்லை. அது நம் குப்பையை அடுத்தவர் இடத்தில் போடுவதுதான், பக்தி என்று பெயர் வைத்தாலும். கோயில் குருக்களைக் கேட்டு, கண்ணாடியையும் சட்டத்தையும் தனியாகக் கழற்றி, தாளை மட்டும் அவரிடம் கொடுத்தோம்.

அந்த வாரம் நான் பெரிய புராணத்தில் பூசலார் கதையைத் திரும்பப் படித்தேன். திருநின்றவூர்க்காரர். கோயில் கட்டக் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கல்லெடுத்து, சிற்பம் செதுக்கி, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கோயிலுக்கும் குடமுழுக்கு. இறைவன் மன்னனின் கனவில் வந்து, ‘நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் நாளைத் தள்ளி வை’ என்கிறான். மன்னன் ஊருக்கு வந்து தேடுகிறான். அங்கே ஒரு செங்கல்கூட இல்லை. அந்த மன்னனின் முகத்தை முன்பெல்லாம் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

இப்போது அலமாரியின் இடது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வெற்றிடம் இருக்கிறது. டின் இருந்த இடம். அம்மா அங்கே எண்ணெய் போத்தலை வைக்கலாம் என்றார். “இருக்கட்டும்” என்றார் பாட்டி. பலகையில் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் என் கைப்பேசியை அந்த இடத்தில் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். பாட்டி அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“கோயில்ல வைக்காதய்யா.”