கட்டிக்குள் நின்ற கந்தன்

முருகா, படியேறி வந்து உன்னைப் பார்த்த நாளெல்லாம் கண் நிறைந்தது உண்மை. ஆனால் உடம்பெல்லாம் புல்லரித்து, வாய் தானாக 'அப்பனே' என்று அரற்றியது மைக்ராஸ்கோப்பின் முன்னால்தான்.

பேத்தாலஜி என் பிழைப்பு. மார்பிலிருந்து எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, மயிரிழையிலும் மெல்லிதாகச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிக் கொடுப்பார்கள். அன்று வந்தது 'ட்ரிப்பிள் நெகட்டிவ்' புற்று, மூர்க்கமான வகை. கோணல்மாணலான கருக்களோடு பருத்த செல்கள் ஒன்றையொன்று நெருக்கி நின்றன. அவற்றின் இண்டு இடுக்கெல்லாம் கருநீலப் பொட்டுகள்! லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. லென்ஸை 40-க்குத் திருப்பினேன். ஒரு புற்றுசெல் சுருங்கி, கரு தூள்தூளாகிக் கிடந்தது. அதன் விலாவை ஒட்டி ஒரே ஒரு பொட்டு. இன்னார்தான் கொன்றார் என்று எழுத ரிப்போர்ட்டில் இடமில்லை, பக்தியில் இருக்கிறது.

ஐயா, உன் வேலை நான் அங்கே கண்டேன்! அந்தப் பொட்டுகளில் ஒரு வகையான கொல்லும் டி-செல் பகைவனை மார்போடு அணைக்கிறது. பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அவன் தோலில் துளையிடுகிறது. அந்தத் துளை வழியே கிரான்சைம்களை உள்ளே செலுத்துகிறது. அவை எதையும் வெடிக்க வைப்பதில்லை. செத்துப்போகும் வழியை அந்தச் செல்லுக்கே நினைவூட்டுகின்றன, அவ்வளவுதான். அணைத்த கை விலகி அடுத்தவனைத் தேடிப் போகிறது. இதையல்லவா மறக்கருணை என்றார்கள்!

சூரன் மாமரமாய் நின்றானே, அதுதான் புற்று. வெளியிலிருந்து வந்த கிருமியில்லை. நம் சதை, நம் ரத்தம், நம் சாயல். அந்த மரத்தைச் சூரன் என்று அறிய ஒரு கண் வேண்டும். அந்தக் கண் எங்கே திறந்தது? நெஞ்செலும்புக்குப் பின்னால், தைமஸ் என்ற சிறு சுரப்பியில். அங்கே பயிலப் போகும் டி-செல்களில் பெரும்பாலானவை தேறாமல் மடிகின்றன. தேறியவை ஆளுக்கொரு பூட்டைத் திறக்கும் சாவியோடு வருகின்றன. சூரன் தலையெடுக்கும் முன்பே அவனுக்கான வேலை வார்த்து வைத்திருந்தாயே! இந்தக் கட்டிக்குரிய பெண் வேண்டிக்கொள்ளும் முன்பே, டாக்டரிடம் போகும் முன்பே, நீ உள்ளே வந்துவிட்டாய்.

1863-லேயே விர்ச்சோ என்ற மருத்துவர் கட்டிகளுக்குள் இந்த வெள்ளணுக்களைப் பார்த்தார். 1988-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் ரோசன்பெர்க் என்ற மருத்துவர் மெலனோமா என்ற தோல் புற்றின் கட்டிகளிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, அந்த நோயாளிகளுக்கே திருப்பிச் செலுத்தினார். 20 பேரில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கட்டி சுருங்கியது. வெளியிலிருந்து படை எதுவும் வரவில்லை. முன்பே போய் நின்றவர்கள்தான் வென்றார்கள்.

ஆனாலும் உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. காவலுக்குப் போன மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்களில் பல கட்சி மாறிக் கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளர்க்கின்றனவே, அது யார் வேலை? ஒழுங்குபடுத்தும் டி-செல்கள் உன் வீரர்களின் கையைப் பிடித்து இழுக்கின்றன. அவை இல்லாவிட்டால் வேல் சொந்த உடம்பையே குத்தும். தெரியும், ஏசாமல் விடுகிறேன். வீரர்களின் தோளில் பிடி-1 என்ற பொத்தானை வைத்தாய். அதைப் புற்று அமுக்கினால் பகைவன் எதிரில் நிற்க, வேல் கையில் இருக்க, வீரன் மலைத்து நிற்கிறான். அந்தப் பொத்தானை ஹோன்ஜோவும், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு தடையின் வேலையை ஆலிசனும் காட்டிக்கொடுத்தார்கள்; 2018-இல் நோபல் கிடைத்தது. அவர்களால் வந்த மருந்துகள் புற்றைத் தாக்குவதில்லை. உன் கையை விடுவிக்கின்றன. மறைப்பதும் நீ, அருள்வதும் நீ என்று சும்மாவா சொன்னார்கள்!

'ஸ்ட்ரோமல் டில் 70%' என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். கட்டிக்குள் ஊடுருவிய அந்த நீலப் பொட்டுகளின் அளவுதான் 'டில்'. இந்த வகைப் புற்றில் அந்த எண் ஏற ஏறப் பிழைக்கும் வாய்ப்பும் ஏறும். எழுதும்போது கை நடுங்கியது, ஆனந்தத்தில்.

கணையப் புற்று ஸ்லைடுகளில் மட்டும் ஏன் இந்தப் பிகு? நார் மண்டிக் கிடக்க, நீலப் பொட்டுகள் பல நேரம் விளிம்போடு நின்றுவிடுகின்றன. ஆறு முகம் இருந்தும் வழி தெரியவில்லையா? பன்னிரண்டு கை இருந்தும் நாரை விலக்க ஒரு கை இல்லையா? உள்ளே வா, ஐயா. நீ வரும்வரை இந்த லென்ஸின் முன்னால் உட்கார்ந்து உன்னோடு மல்லுக்கு நிற்பேன்.