அணுவின் ஆயுள் யாருடையது?

ருபீடியம் அணு ஒன்றை மேல் நிலைக்கு ஏற்றிவிட்டால், சராசரியாக 26 நானோ நொடியில் ஒளியை உமிழ்ந்துவிட்டுக் கீழே இறங்கிவிடும். நெருப்புக்குச் சூடு எப்படியோ அப்படி இந்த அணுவுக்கு அந்த 26 சுபாவம் என்றுதான், கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் கரும்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

1954-ல் பிரின்ஸ்டனில் இருந்த இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி அந்தச் சுபாவத்தில்தான் கை வைத்தார். அவருடைய கட்டுரையின் தொடக்கமே போதும், ஒருவருடைய தூக்கத்தைக் கெடுக்க. காந்தப்புலத்தில் ஒரு நியூட்ரான், மேல் நிலையில். தனியே விட்டுவைத்தால் என்றாவது ஒரு ஃபோட்டானை உமிழ்ந்தே தீரும். பக்கத்தில் இன்னொரு நியூட்ரானை வைக்கிறார். அது கீழ் நிலையில் இருப்பது, கொடுப்பதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. இரண்டும் மோதிக்கொள்வதும் இல்லை. ஆனாலும் ஃபோட்டான் வெளியே வரும் வாய்ப்பு பாதியாகிவிடுகிறது! ஒரு பாதியில் உமிழ்வு இரட்டை வேகத்தில் நடக்கும். மறு பாதியில் இரண்டின் அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, சக்தி உள்ளேயே தங்கிவிடும். வேகம் கூடுவதைப் பற்றித்தான் பலரும் பேசினார்கள். என்னை இழுத்தது அடங்கிக் கிடக்கும் பாதி.

இந்த அடக்கத்தை ஒழுங்கான அணு வரிசையில் பார்த்தவர்கள் ஜெர்மனியில் மியூனிக்குக்குப் பக்கத்தில், கார்ச்சிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார். 2020-ல் இம்மானுவேல் ப்ளோக் குழு சுமார் 200 ருபீடியம் அணுக்களை, லேசர் ஒளியால் ஆன கட்டங்களில், 532 நானோமீட்டர் இடைவெளி விட்டு ஒரே அடுக்காக நிறுத்தியது. அந்த ஓர் அடுக்கு, 780 நானோமீட்டர் ஒளியைக் கண்ணாடியாகத் திருப்பி அனுப்பியது. நிறமாலைக் கோடு, தனி அணுவுக்கு உரிய அளவைவிடக் குறுகியது. ஆயுள் நீண்டுவிட்டது என்று அர்த்தம். வரிசையைக் குலைத்ததும் அந்தக் குணம் போய்விட்டது.

அப்படியானால் அந்தக் குணம் அணுக்களுடையதா, வரிசையுடையதா? இந்தியத் தத்துவத்தில் இது பழைய வழக்கு. நூல்கள் சேர்ந்தால் துணி என்ற புதுப் பொருள் பிறக்கிறது, அதுவே அவயவி என்பார்கள் நியாய மரபினரான நையாயிகர்கள். நூல்களுக்கு மேல் துணி என்று ஒன்றும் கிடையாது என்பார்கள் பௌத்தர்கள். கார்ச்சிங் சோதனை நையாயிகருக்குச் சாதகம் மாதிரித் தெரியும். காரியம் செய்வதே உள்ள பொருள் என்று சொன்னவர் பௌத்தரான தர்மகீர்த்தியே; இங்கே வரிசைதானே காரியம் செய்கிறது? ஆனால் அவயவி பிறக்க உறுப்புகள் ஒன்றையொன்று தொட வேண்டும். இந்த அணுக்களுக்கு நடுவே அவற்றின் உருவத்தைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு இடைவெளி.

பௌத்தர் விடமாட்டார். பல காரணங்கள் கூடி ஒரு காரியம் செய்கின்றன, அதற்கு முழுப்பொருள் எதற்கு என்பார். கார்ச்சிங் கண்ணாடிக்கு இந்தப் பதில் பொருந்தும்; மங்கலான ஒளியில் அதை, அணுக்களைச் சிறு ஆன்டெனாக்களாக எண்ணும் வழக்கமான கணக்கிலேயே விளக்கிவிடலாம். டிக்கியின் அடங்கிய ஜோடியிடம் அது செல்லாது. கூடிச் செய்ய வேண்டுமானால் ஒவ்வொன்றும் தன் பங்கைக் கொண்டுவர வேண்டுமே. அந்த நிலையில் சக்தி எந்த நியூட்ரானிடம் என்ற கேள்விக்கே விடை கிடையாது. ஜோடிக்கு நிலை உண்டு, தனித்தனியாக இல்லை.

இதை வைத்து ‘எல்லாம் ஒன்று’ என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. எல்லாம் ஒன்றாக இருந்தால், அணுவை இடம் மாற்றியதும் குணம் ஏன் போக வேண்டும்? 26 என்ற எண்ணும் அணுவின் சொந்தச் சொத்து அல்ல. தனியாக நிற்கும் அணு வெற்றிடத்தின் மின்காந்தப் புலத்தோடு சேர்ந்துதான் உமிழ்கிறது. பக்கத்து அணு செய்வதெல்லாம் அந்தப் புலத்தின் வழியாகத்தான். அதனால் சுபாவத்தை மறுப்பதில் நான் பௌத்தர் கட்சி. உறுப்புகளை எண்ணினால் போதும் என்று அவர் சொல்லும் இடத்தில் மட்டும் நையாயிகர் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.