முதலாளியின் அறமும் சட்டத்தின் தேவையும்

ஆகக்குறைந்த கூலியைச் சட்டம் நிர்ணயிக்க வேண்டுமெனத் தொழிலாளர் கேட்பது இயல்பு. கூலி கொடுப்போர் சிலரும் அதனையே கேட்பராயின், அதைக் கருணை என்பதா, கபடம் என்பதா?

பிரித்தானியாவில் 1909ஆம் ஆண்டுத் தொழிற் சபைகள் சட்டத்தை முன்மொழிந்த வின்ஸ்டன் சேர்ச்சில் கூறிய நியாயத்தின் சாரம் இது: தொழிலாளருக்குப் பேரம்பேசும் வலிமையில்லாத தொழில்களில் நல்ல முதலாளியைத் தீயவன் வீழ்த்துகிறான், தீயவனை அவனிலும் தீயவன் வீழ்த்துகிறான். ஓரளவேனும் நியாயமான கூலி கொடுக்க விரும்புபவனுக்கும் போட்டி இடந்தருவதில்லை. எல்லோருக்கும் ஒரே கூலியை விதிக்கும் சட்டம் அவனுக்கும் பாதுகாப்பாகிறது. தனிமனிதனின் நல்லெண்ணத்தை நம்பிச் சமுதாய நீதியை நிலைநாட்ட முடியாதென்பதற்கு இதனிலும் சிறந்த ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமோ?

ஆயினும் எல்லா ஆதரவும் நல்லெண்ணத்தில் விளைந்ததன்று. அமெரிக்காவில் மணித்தியாலத்துக்கு 25 சதமென ஆகக்குறைந்த கூலியை விதித்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்தை வடபகுதி ஆலை முதலாளிகள் சிலர் வரவேற்றனர். தென்பகுதி ஆலைகளின் மலிவான உழைப்பே அவர்களது போட்டியாளரின் பலமாயிருந்தது. 2018இல் தன் அமெரிக்க ஊழியரின் ஆகக்குறைந்த கூலியை 15 டொலராக உயர்த்திய அமேசன் நிறுவனம், நாடு முழுவதற்குமான சட்டக் கூலியையும் உயர்த்துமாறு கோரியது. தான் ஏற்றுவிட்ட செலவைப் போட்டியாளரும் ஏற்பது அதற்கு நட்டமன்று. அதே நிறுவனம் 2021இல் அலபாமாவிலும் 2022இல் நியூயோர்க்கிலும் தன் தொழிலாளர் சங்கம் அமைப்பதை எதிர்த்து நின்றது.

இங்கேதான் உரைகல் இருக்கிறது. சட்டம் தரும் கூலி ஒரு தொகை. சங்கம் தருவது அதிகாரம். தொகையை விட்டுக்கொடுக்கும் முதலாளி அதிகாரத்தை விட்டுக்கொடுக்க மனம் கொள்வதில்லை.

எனவே அத்தகைய ஆதரவை நாம் தள்ளிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. பசித்த வயிற்றுக்குக் கிடைக்கும் சோறு, கொடுத்தவனின் நோக்கத்தால் கெட்டுவிடுவதில்லை. ஆனால் சட்டமியற்றுவதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடலாகாது. 1910இல் கிரட்லி ஹீத் ஊரில் சங்கிலி அடித்த பெண்களுக்குச் சபை மணித்தியாலத்துக்கு இரண்டரைப் பென்ஸ் நிர்ணயித்தபோது, அவ்வுரிமையைத் துறப்பதாக அவர்களிடமே கையொப்பம் வாங்க முதலாளிகள் முனைந்தனர். மேரி மக்காதர் தலைமையில் அப்பெண்கள் பத்து வாரங்கள் உறுதியாக நின்ற பின்னரே அக்கூலி அவர்கள் கைக்கு வந்தது. முதலாளியின் ஆதரவு அவனுடைய நலன் முடியுமிடத்தில் முடிந்துவிடும். அதற்கப்பாலுள்ள தூரத்தைத் தொழிலாளர் தம் ஒற்றுமையாலேயே கடக்க வேண்டும்.